டப்பா வந்தது, மூடி வரவில்லை

அத்தியாயம் 14

கல்யாணப் பத்திரிகை ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. பத்திரிகையின் மேல் மூடியில்லாத நீல டப்பா இருந்தது.

போன வாரம் அத்தை அதை அங்கே வைத்தபோது வாயைத் திறக்கவே இல்லை. ஆனாலும் வீட்டில் இருந்த எல்லோருக்கும் விஷயம் புரிந்துபோயிற்று. அடுத்த மாதம் மருமகளின் தங்கைக்குக் கல்யாணம். அத்தை அங்கே தலையைக் காட்ட வேண்டுமானால் முதலில் மூடி இங்கே தலையைக் காட்ட வேண்டும்.

மூடி விவகாரம் தெரியாமல் இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அத்தை பலகாரம் போட்டுச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிய டப்பா அது. திரும்பி வந்தபோது மூடி இல்லாமல் வந்தது என்பது அத்தையின் கட்சி. மூடி போட்டு, வழியில் திறந்துகொள்ளப் போகிறதே என்று ரப்பர் பேண்டும் மாட்டித்தான் அனுப்பினேன் என்பது மருமகளின் அம்மா கட்சி. அன்றிலிருந்து சம்பந்திகள் இருவரும் ஒரே அறையில் பத்து நிமிஷம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. ஒருவர் கூடத்துக்கு வந்தால் மற்றவருக்குச் சமையலறையில் அவசர வேலை வந்துவிடும்.

சாதாரண மூடி என்று நினைத்துவிடாதீர்கள். அத்தை தன் பாத்திரம் ஒவ்வொன்றிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிடுவார். தன் நகத்துக்கு ஒருநாளும் அதைப் பூசியவரில்லை. வாங்குவதெல்லாம் டப்பாக்களுக்குத்தான்.

அந்த வீட்டில் காணாமல் போனது மூடி மட்டுமல்ல என்பது தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். வீட்டின் ஒரே பெண், தனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்த பயிற்சியாளரையே பிடித்துப்போய், யாரிடமும் சொல்லாமல் ஒரு காலையில் கிளம்பிப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். அதுவும் அதே இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான். “இனிமே இந்த வீட்ல அவ பேச்சை யாரும் எடுக்கக் கூடாது” என்று உத்தரவு போட்டது அத்தை. யாரும் எடுக்கவில்லை. உத்தரவு போட்டவராலும் எடுக்க முடியாமல் போயிற்று.

அதனால் வீட்டில் எல்லோரும் மூடியைப் பற்றியே பேசினார்கள்.

இன்று ஏப்ரல் முதல் தேதி. மாமா வழக்கம்போல நாளிதழைப் பிரித்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார். மருமகள் சாப்பாட்டு மேஜையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அரைப் பக்க விளம்பரம் எந்த நிமிஷமும் வரும் என்று அவளுக்குத் தெரியும். எழுதியதே அவள்தானே.

“காணாமல் போன மூடிகள் கிடைத்துவிட்டன!” என்று முழங்கினார் மாமா.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

“‘டப்பா வந்தது, மூடி வரவில்லை என்று உறவுகளோடு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களே! உங்கள் சமையலறைகளிலிருந்து மாயமாய் மறைந்த மூடிகள் எல்லாம் எங்கள் கிடங்குக்கே திரும்பி வந்துவிட்டன. நிறம் வாரியாக, அளவு வாரியாக அடுக்கி வைத்திருக்கிறோம். மூடியில்லாத டப்பாவுடன் நேரில் வரவும்.’ ஏம்மா, இது உங்க டப்பா கம்பெனி ஆச்சே!”

அத்தை வெளியே வந்தார். கையில் கரண்டி அப்படியே இருந்தது. “இன்னொரு தடவை படிங்க.”

மாமா இன்னொரு தடவை முழங்கினார். ஆனால் அடியில் எறும்பு மாதிரி ஒரு வரி இருந்ததே, ‘இன்று என்ன தேதி என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்’ என்று, அதை அவர் படிக்கவில்லை. அந்த அளவு எழுத்தையெல்லாம் எழுத்தாகவே அவர் மதிப்பதில்லை.

“யாரும்மா உங்க ஆபீஸ்ல இதை எழுதினது?” என்றார் அத்தை.

மருமகளுக்குத் தண்ணீர் புரையேறியது. “அது... எல்லாரும் சேர்ந்து எழுதறதுதான் அத்தை.”

“நல்லாத்தான் எழுதிருக்காங்க. அனுபவப்பட்ட யாரோதான் எழுதிருக்கணும்” என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய்விட்டார்.

முட்டாள்கள் தினத்துக்கு விளையாட்டாக ஓர் அறிவிப்பு வேண்டும் என்று மேலாளர் மருமகளின் கழுத்தில் கத்தி வைத்தபோது, சட்டென்று வாயில் வந்தது சொந்த வீட்டு நீல டப்பாதான். தன் மனக்குறையை வைத்து மருமகள் ஊர் சிரிக்க விளம்பரம் போட்டிருக்கிறாள் என்று அத்தைக்குத் தெரிந்தால் போயிற்று. மூடி கிடைத்தாலும் கல்யாணத்துக்கு வரமாட்டார். தங்கை பாவம், தினமும் போன் செய்து, “அக்கா, உங்க அத்தை வராம நான் மேடை ஏற மாட்டேன்” என்று அழுகிறாள். அம்மாவோ, “நான் திருடியாடி?” என்று அழுகிறாள். இரண்டு அழுகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது இவள்.

குளித்துவிட்டு வந்த கணவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. அவர் அதே கம்பெனியில் கீழ்த்தளத்தில் வாடிக்கையாளர் தொலைபேசிப் பிரிவில் இருக்கிறார். தூக்கத்தில் புரண்டு படுக்கும்போதுகூட “சிரமத்துக்கு மன்னிக்கணும்மா” என்று சொல்கிற மனிதர். அறிவிப்பு பொய் என்பது மாடியில் இருக்கும் விளம்பரப் பிரிவைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது என்று மேலாளர் உத்தரவு. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது சொல்லிவிடலாமா என்று மருமகளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லாமலேயே இறங்கிவிட்டாள்.

அதற்கான பலன் ஒரு மணி நேரத்தில் கிடைத்தது.

கீழ்த்தளத்தில் எல்லா போனும் ஒன்றாக அலறிக்கொண்டிருந்தன. அவள் எட்டிப் பார்த்தபோது கணவர் காதில் ஒன்று, தோளில் ஒன்று என்று இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்கம்மா. பச்சை மூடியா? வட்டமா, சதுரமாம்மா? ஓரத்துல பல் பட்டிருக்குமா? யார் பல்லும்மா? சரிங்க, நாய்னு குறிச்சுக்கறேன்.” அடுத்த போன். “ஐயா, மூடி மட்டும்தான் வந்திருக்குன்னு போட்டிருக்காங்க. உங்க குடையைப் பத்தி எனக்கு எதுவும் தெரியாதுங்க. விசாரிக்கிறேன்.”

பாவி மனிதர் ஒவ்வொரு மூடியின் நிறத்தையும் அளவையும் சிரத்தையாகப் பதிவு செய்துகொண்டிருந்தார். மருமகள் அருகில் போய்க் காதோடு காதாக உண்மையைச் சொன்னாள்.

அவர் கையில் இருந்த போன் நழுவியது.

“காலையிலேருந்து நான் ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுத்துட்டு இருக்கேன். ‘உங்க மூடி பத்திரமா இருக்கும்மா, கவலைப்படாதீங்க’ன்னு ஒரு பாட்டியம்மாவைத் தேத்திருக்கேன். அந்தம்மா அழுதாங்க. நீ பக்கத்துலயே உட்கார்ந்துதானே வந்தே?”

“பின்னாடி உட்கார்ந்து வந்தேன்.”

“ரொம்ப முக்கியம்!”

மாடியில் வேறு கூத்து. விளம்பரத்தைப் படம் எடுத்து ஊரே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தது. அனுப்பியவர்களில் எந்தப் புண்ணியவானோ படத்தின் அடிப்பகுதியை வெட்டிவிட்டதால், தேதியைப் பார்க்கச் சொன்ன அந்த ஒற்றை வரி காணாமல் போயிருந்தது. காணாமல் போன மூடிகளுக்காக எழுதிய அறிவிப்புக்கே மூடி போய்விட்டது. விவரம் புரிந்தவர்கள் ‘என் தூக்கம் உங்கள் கிடங்கில் இருக்கிறதா?’, ‘என் வீட்டுக்காரர் அளவில் ஒரு மூடி கிடைக்குமா, வாய்க்கு?’ என்றெல்லாம் எழுதித் தள்ளினார்கள். போட்டிக் கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ‘எங்கள் மூடிகள் ஓடிப்போவதில்லை. அவை டப்பாவோடு சந்தோஷமாக இருக்கின்றன’ என்று பதிலுக்கு ஒன்று போட்டார்கள்.

மேலாளர் குதிக்காத குறை. எதைக் கேட்டாலும் “பார்த்துக்கலாம்” என்று சொல்வதால் ஆபீஸில் அவருக்குப் ‘பார்த்துக்கலாம் சார்’ என்றே பெயர். டப்பா படம் பெரிதாக வர வேண்டும் என்று கடைசி வரியை எறும்பாக்கியவர் அவர்தான். “சார், இந்த எழுத்து கண்ணுக்கே தெரியாதே” என்று மருமகள் கேட்டபோதும் அவர் சொன்னது அந்த ஒரே வார்த்தைதான்.

“ஊரே நம்மைப் பத்திதான் பேசுது!” என்று அவர் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசல் காவலரிடமிருந்து போன் வந்தது.

“சார், மூடி எங்க கொடுக்கறீங்கன்னு கேட்கறாங்க.”

“யாரு?”

“தெருவே சார்.”

மேலாளர் ஜன்னல் திரையை விலக்கினார். கம்பெனி வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் தாண்டி, மருந்துக்கடை முனைவரைக்கும் வரிசை. ஒவ்வொரு கையிலும் ஒரு டப்பா. திறந்த வாயோடு அத்தனை டப்பாவும் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தன.

“‘நேரில் வரவும்’னு எதுக்கும்மா போட்டீங்க?” என்றார் மேலாளர் சன்னமான குரலில்.

மருமகள் இதற்கு முன் குக்கர், மிக்ஸி பழுதுபார்க்கும் முகாம்களுக்கு அறிவிப்பு எழுதுகிற வேலையில் இருந்தவள். ‘நேரில் வரவும்’ என்று முடிக்காமல் அவளால் ஒரு அறிவிப்பையும் முடிக்க முடியாது. கை தானாக எழுதிவிட்டது. அதைச் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

“இப்ப என்ன சார் பண்றது?”

“நீங்க பார்த்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு மேலாளர் ஒரு முக்கியமான கூட்டத்துக்குப் போய்விட்டார். அந்தக் கூட்டத்தில் அவரைத் தவிர யாரும் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

வாசலில் காவலர் ஒரு நாற்காலியைப் போட்டு, கையில் பிடிக்கிற மைக் ஒன்றையும் நீட்டினார். “பார்த்துப் பேசுங்க மேடம். இதுல ஆன் பண்ற பட்டன் நல்லா வேலை செய்யும். ஆஃப் பண்ற பட்டன் கொஞ்சம் தகராறு.”

மருமகள் நாற்காலியில் ஏறி நின்றாள். முன்வரிசையில் இரவுப் பணி முடித்து நேராக வந்த நர்ஸ் அம்மா ஒருவர் கொட்டாவியோடு நின்றார். பட்டன் போட்டு வைக்கும் டப்பாவோடு ஒரு தையல்காரர். மூடி மட்டும் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்திருந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார். “மூடி இல்லாம வீட்டுக்குள்ள வராதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டா” என்று பக்கத்தில் இருப்பவரிடம் புலம்பிக்கொண்டிருந்த ஒரு கணவர். எல்லோர் முகத்திலும் அவ்வளவு நம்பிக்கை. இவர்களிடமா இது பொய் என்று சொல்வது?

“எல்லாருக்கும் வணக்கம்” என்று தொடங்கினாள். குரல் எதிர்க் கட்டடத்தில் மோதித் திரும்பி வந்தது. “இன்னிக்கு... நீங்க எல்லாரும் கொஞ்சம் தேதியைப் பார்த்தீங்கன்னா...”

அப்போதுதான் வரிசையின் நடுவில் அந்த நீல டப்பா தெரிந்தது. அதைப் பிடித்திருந்த கை தெரிந்தது.

“ஐயோ, அத்தை!” என்றாள் மருமகள்.

மைக்கில்தான் சொன்னாள். மருந்துக்கடை முனைவரைக்கும் கேட்டது. பல அத்தைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

“தேதியைப் பார்த்தா என்னம்மா?” என்று கேட்டார் நர்ஸ் அம்மா. கேட்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. “ஏப்ரல் ஒண்ணு. அடக் கடவுளே! அப்ப எல்லாம் பொய்யா?”

கூட்டம் கொதித்தது. “எங்களைப் பார்த்தா இளிச்சவாயன்னு எழுதி ஒட்டிருக்கா?” என்று தையல்காரர் கத்தினார். “ஒரு நாள் கூலி போச்சு!” என்று ஒரு குரல். “நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?” என்று அந்தக் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களைப் பார்த்துக் கோபப்பட்டவர்களுக்குக் கோபம் இன்னும் ஏறியது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடிவந்த கணவர், மனைவிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, “சிரமத்துக்கு மன்னிக்கணும், சிரமத்துக்கு மன்னிக்கணும்” என்று சுற்றிச் சுற்றிக் கும்பிட்டார்.

அதற்குள் கூட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு அத்தை வந்துவிட்டார்.

“அம்மா, நீங்க எங்கம்மா இங்க?” என்றார் கணவர்.

அத்தை நீல டப்பாவை மகன் கையில் திணித்ததோடு சரி, அவரைக் கண்டுகொள்ளவில்லை. மருமகளைப் பார்த்துக் கையை நீட்டினார். “அந்த மைக்கை இப்படிக் கொடு.”

மருமகள் கொடுத்தாள். இனி நடக்கப்போவதைத் தடுக்க அவளிடம் தெம்பு இல்லை. தங்கை முகமும் அம்மா முகமும் கண்முன் வந்து போயின. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

அத்தை நாற்காலியில் ஏறவில்லை. அவர் குரலுக்கு நாற்காலி தேவைப்பட்டதில்லை.

“எல்லாரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா? வேலையை விட்டுட்டு வந்தாச்சு. கத்திட்டு வெறுங்கையோட போறதுல என்ன லாபம்? மூடி மட்டும் வச்சிருக்கறவங்க எல்லாம் அந்தச் சுவர் ஓரமாப் போங்க. டப்பா மட்டும் வச்சிருக்கறவங்க இந்தப் பக்கம். வாத்தியார் சார், அந்தச் சாக்கைக் கீழே கொட்டுங்க. சும்மா கொட்டுங்க, தூக்கிட்டுப் போனாப் போகட்டும். தூக்கிட்டுப் போகத்தானே வந்திருக்காங்க!”

யாரோ சிரித்தார்கள். முதலில் நர்ஸ் அம்மா நகர்ந்தார். அவர் பின்னால் நாலு பேர். பிறகு என்ன, வீட்டில் ஒரு மனிதருக்கு அடங்காதவர்களெல்லாம் அந்தக் குரலுக்கு அடங்கிச் சுவர் ஓரம் போய் நின்றார்கள். சாக்கிலிருந்து கொட்டிய மூடிகள் தெருவில் உருண்டோடின. அடுத்த நிமிஷம் எல்லோரும் குனிந்து பொறுக்கத் தொடங்கினார்கள்.

“இது பொருந்துதா பாருங்க.” “இல்ல, இன்னும் கொஞ்சம் அகலமா.” “ஐயா, உங்க கையில இருக்கறதைக் கொடுங்க.” டப், டப் என்று மூடிகள் பொருந்தும் சத்தம் ஒவ்வொரு மூலையிலிருந்தும் வந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் கைதட்டல். பட்டன் டப்பாவுக்குச் சரியான மூடி கிடைத்ததும் தையல்காரர், இளிச்சவாய் என்று சொன்னதை மறந்து வாயெல்லாம் பல்லாக நின்றார். வீட்டுக்குப் போக பயந்தவருக்குப் பச்சை டப்பாவுக்கு ஆரஞ்சு மூடிதான் கிடைத்தது. “மூடினா சரி!” என்று அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வெறுங்கையோடு திரும்பியவர்களும் திட்டிக்கொண்டே போனவர்களும் உண்டு. ஆனால் அவர்களும் கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

மாடி ஜன்னலில் மேலாளர் தலை தெரிந்தது. அவர் இதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மருமகளுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. அத்தைக்குப் பின்னாலேயே அவளும் போனாள். போகப் போகத்தான் ஒரு விஷயம் அவளுக்கு உறுத்தியது.

அத்தை யாரிடமும் நீல மூடி கேட்கவே இல்லை.

“மஞ்சள் டப்பா யாராவது வச்சிருக்கீங்களா? சின்னது, ஆபீஸுக்குச் சாப்பாடு கொண்டுபோற மாதிரி? மஞ்சள் டப்பா?” என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே மைக்கில் கேட்டுக்கொண்டு போனார். தோளில் தொங்கிய பைக்குள் இன்னொரு கை எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது.

“அத்தை, நம்மளது நீலம்” என்றாள் மருமகள்.

“தெரியும்.”

பேருந்து நிறுத்தத்துக்கு அருகே வந்ததும் அத்தை நின்றுவிட்டார்.

எதிரே, வரிசை கலைந்த இடத்தில், ஒரு பெண் நின்றிருந்தாள். தலை கலைந்திருந்தது. அவள் கையில் சின்ன மஞ்சள் டப்பா. அதன் மேல் கொஞ்சமும் பொருந்தாத, அளவில் பெரிய நீல மூடி. மூடியின் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு.

“அம்மா” என்றாள் அந்தப் பெண்.

மருமகளின் பின்னால் வந்த கணவர் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. இரண்டு வருஷமாக அவர் தங்கையை எதிரில் பார்த்ததில்லை.

அத்தை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டப்பாவையே பார்த்தார். “அது சரியா மூடாதே. ரெண்டு வருஷமாவா இதை வச்சு ஓட்டறே?”

“ஒழுகும். பைக்குள்ள துணி போட்டு வச்சுப்பேன்.”

“புதுசு ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே?”

“வாங்கினேம்மா. இதைத் தூக்கிப் போட மனசு வரல.” அவள் நீல மூடியைத் தடவினாள். “இன்னிக்கு விளம்பரத்தைப் பார்த்ததும், மஞ்சள் மூடி ஒண்ணு வாங்கிக்கலாம்னு வந்தேன். இந்த நீலத்தை உங்களுக்கு எப்படியாவது அனுப்பிடலாம்னு...”

அத்தை பையிலிருந்து கையை எடுத்தார். கையில் மஞ்சள் மூடி இருந்தது. அதிலும் சிவப்புப் பொட்டு. நேற்று வைத்ததுபோலப் பளபளவென்று இருந்தது.

“இதைத் தேய்ச்சுத் தேய்ச்சு வச்சிருந்தேன்” என்றார்.

மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. “அத்தை, அப்ப அந்த நீல மூடி எங்க போச்சுன்னு உங்களுக்கு...”

“தெரியாம என்ன? அன்னிக்குக் காலையில அவசர அவசரமா நீலத்தைப் போட்டு மூடிட்டுப் போறாளேன்னு அடுப்படியிலேருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன். கூப்பிட்டுச் சொல்லிருக்கலாம். சாயந்தரம் வந்ததும் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.” அத்தை மஞ்சள் மூடியைத் திருப்பிப் பார்த்தார். “சாயந்தரம் வரல.”

அத்தை மருமகளின் பக்கம் திரும்பினார்.

“அப்புறம் மூடி எங்கேன்னு வீட்ல கேட்டாங்க. அவ எடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லணும்னா அவ பேரைச் சொல்லணும். நான்தானே அவ பேச்சை எடுக்கக் கூடாதுன்னு சொன்னேன்? வாயில வந்ததைச் சொன்னேன். சம்பந்தியம்மா வீட்லேருந்து வரலன்னு சொல்லிட்டேன். சொன்னதை மாத்த முடியல. மாத்தினா எல்லாத்தையும் சொல்லணும்.”

“அத்தை, இன்னிக்கு விளம்பரம் விளையாட்டுக்குப் போட்டதுன்னு...”

“கண்ணாடி போட்டுக் கடைசி வரி வரைக்கும் படிச்சேன். எழுதினது யாருன்னும் தெரியும். ‘டப்பா வந்தது, மூடி வரல.’ என் வாயிலேருந்து வந்த வார்த்தை எனக்கே தெரியாதா?” அத்தை மருமகளின் கன்னத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். “ஒரு மூடிக்கு ஊரே கிளம்பிப் போகுதுன்னு போன்ல பார்த்தேன். இவளும் வருவா. ஓசியில கிடைச்சா எதையும் விட மாட்டா. என் பொண்ணுதானே. அதான் நானும் வந்து வரிசையில நின்னேன்.”

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். அத்தை அவள் கையிலிருந்த டப்பாவை வாங்கினார். நீலத்தை எடுத்துவிட்டு மஞ்சளை வைத்து அழுத்தினார். டப் என்று பொருந்தியது.

கைதட்டல் வந்தது. சுவர் ஓரத்திலிருந்து, மருந்துக்கடை முனையிலிருந்து, மாடி ஜன்னல்களிலிருந்து. நர்ஸ் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மருமகள் திடுக்கிட்டு அத்தையின் கையைப் பார்த்தாள். ஆஃப் ஆகாத அந்த மைக் இன்னும் அங்கேதான் இருந்தது.

தெரு முழுக்கக் கேட்டிருந்தது. ஒரு வார்த்தை விடாமல்.

கைதட்டல் ஓய்ந்தபோது பின்னாலிருந்து ஓர் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் கையில் டப்பாவும் இல்லை, மூடியும் இல்லை. வட்டமாக வெட்டிய ஒரு காகிதம் மட்டும் இருந்தது. எப்போதோ மகள் வீட்டுக்கு வந்தபோது, நீல டப்பாவின் வாயை யாரும் பார்க்காமல் அளவெடுத்து வெட்டியது. எப்படியாவது அந்த அளவில் ஒரு மூடியை வாங்கிக் கொடுத்துக் கல்யாணத்துக்கு முன்னால் பகையைத் தீர்த்துவிடலாம் என்று வந்து, யார் கண்ணிலும் படாமல் வரிசையின் கடைசியில் நின்றவர்.

“அம்மா!” என்றாள் மருமகள். இந்த முறை மைக் இல்லாமலேயே எல்லோருக்கும் கேட்டது.

அவள் அம்மா மகளைப் பார்க்கவில்லை. காகித வட்டத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். சம்பந்தியம்மாவின் முன்னால் வந்து நின்று, அந்த நீல மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மிக மரியாதையாகக் கேட்டார்.

“ரப்பர் பேண்டாவது வந்து சேர்ந்துச்சுங்களா, சம்பந்தியம்மா?”